சம்பளம் மட்டும்தானா?
மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர்கள் வளைகுடாவுக்குப் போவது சம்பளத்துக்காக மட்டுமே என்று மேலே உள்ள கட்டுரை சொல்வது பாதிதான் சரி. என் தங்கை சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்தவள், 1992 சட்டப்படி இந்த ஆசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் உண்டு. சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் வட்டார வளமையத்தில் ஒன்பது வருடம் தொகுப்பூதியம், அதாவது நிரந்தரமில்லாத வேலை, மாதம் ஒரே தொகை. வாரத்துக்கு நாலு பள்ளி, பஸ் அலைச்சல் வேறு. போய் இறங்கியதும் 'ஆறாம் வகுப்பு டீச்சர் லீவு, கொஞ்சம் பாத்துக்கோங்க' என்பார்கள். இவள் யாருக்காகப் போனாளோ அந்தப் பையன் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பான். இப்போது ஷார்ஜாவில் ஆறே பிள்ளைகள், கூட ஒரு உதவியாளர். கீழே கமெண்டில் ஒருவர் 'பாசம் இல்லாதவர்கள்தான் போவார்கள்' என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் தானாகச் சட்டைப் பொத்தான் போட்ட அன்று அவன் அம்மா முதலில் வாட்ஸப்பில் சொன்னது இவளிடம்தான்.