எல்லை நிர்ணயம் முடியட்டுமாம்

திரும்பவும் அதே பதில். இலங்கையில் மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று அரசைக் கேட்டால், தேர்தல் தொகுதிகளுக்குக் கோடு போடுகிற எல்லை நிர்ணயம் முடியட்டும். எல்லை நிர்ணயம் எப்போது முடியும் என்றால், முதலில் பொருளாதாரம் நிமிரட்டும், ஊழல் ஒழியட்டும், பிறகு புதிய அரசியலமைப்பு வரும், எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு வருடத்துக்குள் நடத்துவோம் என்று 2024 விஞ்ஞாபனத்தில் அச்சடித்துக் கொடுத்த, இன்று ஆட்சியிலிருக்கிற தேசிய மக்கள் சக்திக்காரர்கள் சொல்கிற பதில் இது. உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே 6இல் நடத்தினார்கள், சரி. மாகாண சபை என்றதும் ஏன் நாக்கு உள்ளே போகிறது?

எல்லை நிர்ணயம் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு எரிகிறது. இந்தச் சாட்டு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை முழுதாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2017 செப்டெம்பர். கிழக்கு, வடமத்தி, சப்ரகமுவ மூன்றின் பதவிக்காலமும் முடியப்போகிறது. எல்லா மாகாணத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் என்று அப்போதைய அரசு அரசியலமைப்புக்கு ஒரு 20ஆவது திருத்தம் கொண்டுவந்தது. அதற்குச் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதும், கையில் இருந்த வேறொரு சட்டமூலத்தைத் தூக்கினார்கள். அது வேட்புமனுவில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்க வந்த சின்னச் சட்டமூலம். குழுநிலை விவாதத்தில் அதற்குள் பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் சொருகி, பாதி தொகுதிவாரி, பாதி விகிதாசாரம் என்று தேர்தல் முறையையே மாற்றி, அன்றைக்கே மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றிவிட்டார்கள். சொருகியதை நீதிமன்றம் பார்க்கவே இல்லை. இலங்கையில் சட்டமூலத்தைத்தான் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். சபாநாயகர் கையெழுத்து வைத்துச் சட்டமாகிவிட்டால் கதவு அடைபட்டுவிடும். அது தெரிந்துதான் செய்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். அது பழைய விகிதாசார முறையை நீக்கிவிட்டது. புதிய முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லையை ஐந்து பேர் கொண்ட குழு நான்கு மாதத்தில் வரைய வேண்டும், அதை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டால் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு, இரண்டு மாதத்தில் ஜனாதிபதிக்கு அறிக்கை. அந்த இரண்டு மாதமும் கடந்தால் என்ன? அதற்குச் சட்டத்தில் பதிலே இல்லை. பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்பைக் கிணற்றில் எறிந்த வேலை.

இப்போது 2018 ஓகஸ்ட் 24க்கு வாருங்கள். எல்லை நிர்ணயக் குழு தன் வேலையை முடித்துக் கொடுத்தது. அறிக்கை மார்ச்சிலேயே சபைக்கு வந்தது. ஒரு மாதத்தில் முடிவெடுக்க வேண்டியதை ஓகஸ்ட் வரைக்கும் ஆறப்போட்டு, ஒருவழியாக வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஆதரவாக விழுந்த வாக்கு பூச்சியம். எதிராக 139. பூச்சியம் என்றால் பூச்சியம்தான். அறிக்கையைச் சபையில் சமர்ப்பித்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். தன் கையால் கொண்டுவந்து வைத்த அறிக்கை அது! ஆளுங்கட்சிக்காரரும் எதிராக, எதிர்க்கட்சிக்காரரும் எதிராக. அறிக்கை பிழை என்றால் திருத்தச் சொல்லலாம். முறை பிழை என்றால் பதினொரு மாதத்துக்கு முன் எதற்கு மூன்றில் இரண்டு கொடுத்தீர்கள்? ஒன்பது மாகாணத்து மக்களின் வாக்குரிமையை ஒரு பின்னேரத்தில் முடக்கிவிட்டு எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு மீளாய்வுக் குழு. அதன் இரண்டு மாதம் முடிகிற தறுவாயில், ஒக்டோபர் 26ஆம் திகதி, குழுவுக்குத் தலைவரான பிரதமரையே ஜனாதிபதி பதவி நீக்கினார். அதே வாரத்தில்தான் வட மாகாண சபையின் காலமும் முடிந்தது. டிசம்பரில் பிரதமர் திரும்பி வந்தார், அறிக்கை வரவில்லை. 2019இல் உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டார்கள். பழைய முறையில் நடத்தச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. அதோடு சரி. நாட்டில் கடைசியாக நடந்த மாகாண சபைத் தேர்தல் 2014 செப்டெம்பர் 20இல், ஊவாவில்.

இதை அவிழ்க்கப் புதிய அரசியலமைப்பு தேவையில்லை. 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மாகாண சபைத் தேர்தல் சட்டம் ஒரு சாதாரணச் சட்டம். பெண்களுக்கான ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டு பழைய விகிதாசார முறை மீண்டும் செல்லும் என்று சில வாசகங்கள் எழுதினால் போதும். பழைய முறையில் நிர்வாக மாவட்டமே தேர்தல் அலகு, புதிதாக ஒரு கோடுகூட வரையத் தேவையில்லை. வர்த்தமானியில் போட்டு, நீதிமன்றத்துக்குப் போகிறவர்களுக்கு அவகாசம் விட்டு, சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம். இவர்களிடம் இருப்பது 225இல் 159. முன்னாள் ஜனாதிபதிகளின் வீடு, வாகனச் சலுகைகளை நிறுத்துகிற சட்டம் நீதிமன்றச் சவாலையும் தாண்டி 2025 செப்டெம்பர் 10இல் நிறைவேறவில்லையா? குற்றத்தால் சேர்த்த சொத்துப் பற்றிய சட்டம் அதே வருடம் ஏப்ரலில் வரவில்லையா? இரண்டும் நல்ல சட்டங்கள். மனம் இருந்த இடத்தில் மார்க்கமும் இருந்தது.

பொருளாதாரம் முதலில், அரசியலமைப்பு பிறகு என்று சொல்கிறவர்கள் இந்த நாடு எப்படி விழுந்தது என்பதை மறந்துவிட்டார்களா? 2019 கடைசியில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8க்கு இறக்கியது யார் கேட்டு? 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்தது எந்த விவசாயி சொல்லி? நடுவில் 2020 ஒக்டோபரில், 2017இல் கைவிட்டது அல்லாத வேறொரு 20ஆவது திருத்தத்தால் அதிகாரம் முழுவதையும் ஜனாதிபதி என்ற ஒரு நாற்காலியில் குவித்தார்கள். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். அந்தத் தவறுக்குத்தான் இன்றைக்கு ஏழை வீட்டுப் பொருளுக்கும் 18 வீதம் வற் கட்டுகிறோம். தட்டிக்கேட்க ஆளில்லாத அதிகாரம்தான் பொருளாதாரத்தைத் தின்றது. அதை அப்படியே வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் சரிசெய்ய முடியுமா?

ஊழலுக்கும் இதேதான். ஒன்பது மாகாணத்தையும் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்கள் ஆளுகிறார்கள். மாகாணப் பாடசாலை, ஆதார வைத்தியசாலை, மாகாண வீதி எல்லாவற்றுக்குமான பணம் அந்த அலுவலகங்கள் வழியாகப் போகிறது. எந்த ஒப்பந்தம் யாருக்குப் போனது, ஏன் வீதி பாதியில் நிற்கிறது என்று எழுந்து கேட்க ஒரு உறுப்பினர் இல்லை. ஆளுநர் நேர்மையான மனிதராகவே இருக்கட்டும். கேள்வி கேட்கிறவனை வெளியே நிறுத்திவிட்டு ஊழலை ஒழிக்கிறோம் என்றால் எப்படி நம்புவது? மாகாணத்துக்கென்று ஆக்குகிற சட்டமான ஒரு நியதிச்சட்டம் ஆக்கக்கூட சபை இல்லை. வடக்கு 1988 தொடக்கம் 1990 வரையும், பிறகு 2013 தொடக்கம் 2018 வரையும்தான் தெரிவான சபையைக் கண்டது. 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தம் வந்ததிலிருந்து கூட்டிப் பார்த்தால் ஏழு வருடம்கூட வராது.

அந்த 13ஆவது திருத்தம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று எழுதியது அதே திருத்தம்தான். அதை நிறைவேற்ற எந்த எல்லையும் நிர்ணயிக்க வேண்டியதில்லை, சர்வதேச நாணய நிதியத்தின் (ஐஎம்எப்) அனுமதியும் வேண்டாம். ஆனால் அரசாங்கப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து காலுடைந்து கிடக்கிறது, சுற்றறிக்கை சிங்களத்தில் மட்டும் வருகிறது. பலகை எழுதுகிறவருக்குப் பக்கத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை நிறுத்தவும் அரசியலமைப்புச் சபை கூட வேண்டுமா?