பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அரசமைப்பில் எழுதுவது எப்படி?

"மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தன் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு." 2024 நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநில வாக்காளர்கள் முன் வந்த 80-ஆம் திருத்தத்தின் மையம் இந்த ஒரு வரிதான். அதற்கு முன்னால் நோக்கத்தைச் சொல்லும் ஒரு பத்தி, அவ்வளவே. அந்த மாநிலத்தில் அரசமைப்பில் புதிதாக எதையாவது சேர்க்க 55 சதவீத வாக்கு வேண்டும். கிடைத்தது 49 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே நாளில் கென்டக்கியில் இதே நோக்கத்தோடு வந்த 2-ஆம் திருத்தத்தை ஏறத்தாழ 65 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அங்குள்ள 120 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) ஒன்றில்கூட அது ஜெயிக்கவில்லை. அதே வாக்குச்சீட்டில் டிரம்புக்குப் பெரும் வெற்றியைத் தந்த மாநிலம் அது.

பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அதனால்தான் இந்தத் தோல்விகள் வலிக்கின்றன. ஆசிரியர் சங்கம் எதிர்த்தது, எதிர்த்தரப்பு பணத்தைக் கொட்டியது என்று நம் பக்கத்தில் காரணம் சொல்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டு திருத்தங்களின் வாசகத்தையும் எடுத்து வரிவரியாகப் படித்தால், கோளாறு எழுத்திலேயே இருப்பது தெரியும்.

(ஒரு சின்ன விஷயம். தமிழில் 'பள்ளித் தேர்வு' என்றால் எல்லோருக்கும் பரீட்சைதான் நினைவுக்கு வரும். அதனால்தான் நீளமாக 'பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை' என்று எழுதுகிறேன்.)

முதலில், எதற்கு அரசமைப்பின் பூட்டு தேவை என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தேவையில்லை. ஓரிகன் மாநிலம் 1922-இல் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று மக்கள் வாக்கெடுப்பில் சட்டம் போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925-இல் பியர்ஸ் வழக்கில் அதை ரத்துசெய்தது. அன்றிலிருந்து, சொந்தச் செலவில் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கும் சுதந்திரத்தை எந்த மாநிலமும் பறிக்க முடியாது. நூறு வருடமாக உறுதியாக நிற்கும் தீர்ப்பு அது.

மற்றவை அப்படி இல்லை. கொலராடோவில் சார்ட்டர் பள்ளிகள், அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பொதுப்பள்ளிகள், நடப்பது 1993-இல் போட்ட ஒரு சாதாரணச் சட்டத்தால். வேறு வட்டாரப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க உதவும் ஓப்பன் என்ரோல்மென்ட் 1990-இல் வந்த சட்டம். ஹோம் ஸ்கூலிங்கும் சட்டப்புத்தகத்தில்தான் இருக்கிறது: தொடங்குவதற்கு 14 நாள் முன்பே எழுத்துமூல அறிவிப்பு, வருடத்துக்கு 172 நாள், சராசரியாக நாளுக்கு நான்கு மணி நேரம், 3, 5, 7, 9, 11-ஆம் வகுப்புகளில் மதிப்பீடு. இவை எல்லாவற்றையும் இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மையும் ஆளுநரின் கையெழுத்தும் இருந்தால் ஒரே கூட்டத்தொடரில் மாற்றிவிடலாம். 2024-இல் சார்ட்டர் பள்ளிகளுக்குக் கடிவாளம் போடும் மசோதா ஒன்று வந்து, கமிட்டியிலேயே விழுந்தது. அது விழுந்ததே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அடுத்த அவையில் கணக்கு மாறும். ஆகவே அரசமைப்புப் பாதுகாப்பு வேண்டும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது பணம். இங்கே கொலராடோவின் அரசமைப்பில் இரண்டு தடைகள் இருக்கின்றன. 9-ஆவது அத்தியாயத்தின் 7-ஆம் பிரிவு, சமய நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் போகக் கூடாது என்கிறது. 15-ஆம் பிரிவு, கற்பித்தல் மீதான கட்டுப்பாட்டை உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் கையில் கொடுக்கிறது. மாநிலம் 2003-இல் கொண்டுவந்த வவுச்சர் திட்டம் (தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பொதுப்பணம் தருவது) 2004-இல் ஓவன்ஸ் வழக்கில் விழுந்தது 15-ஆம் பிரிவால். மதம் அங்கே பேசப்படவே இல்லை. உள்ளூர் வரிப்பணத்தை வாரியத்தின் கட்டுப்பாடு இல்லாத இடத்துக்குத் திருப்பிவிடுகிறீர்கள் என்பதுதான் வாதம். டக்ளஸ் கவுண்டி பள்ளி வாரியம் 2011-இல் தானே 500 பேருக்கு உதவித்தொகை தரத் திட்டம் போட்டது. வாரியமே செய்வதால் 15-ஆம் பிரிவைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தார்கள். 2015-இல் மாநில உச்ச நீதிமன்றம் 7-ஆம் பிரிவைக் காட்டித் தடுத்துவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-இல் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. அதற்குள் வாரியத் தேர்தல் வந்தது, புதிய வாரியம் திட்டத்தையே கைவிட்டது.

பிறகு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் எஸ்பினோசா (2020), கார்சன் (2022) தீர்ப்புகள் வந்தன. தனியார் பள்ளிக்குப் பணம் தருவதென்றால், மதப் பள்ளி என்பதற்காக மட்டும் ஒதுக்கக் கூடாது என்று அவை சொன்னதால் 7-ஆம் பிரிவின் பல் பாதி போய்விட்டது. ஆனால் யாருக்குமே தராமல் இருக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்புகள் சொல்கின்றன. 15-ஆம் பிரிவை அவை தொடவே இல்லை.

இப்போது 80-ஆம் திருத்தத்தை மறுபடி படியுங்கள். 7-ஆம் பிரிவைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. 15-ஆம் பிரிவைப் பற்றியும் கிடையாது. குறிப்பான ஒரு தடை பக்கத்திலேயே இருக்க, பொதுவாக எழுதிய உரிமை அதை மீறுமா? நீதிமன்றங்கள் சாதாரணமாகக் குறிப்பான வாசகத்துக்குத்தான் எடை தரும். திருத்தம் ஜெயித்திருந்தாலும், இதைத் தீர்க்கவே வருடக்கணக்கில் வழக்கு நடந்திருக்கும். ஆதரவாளர்கள் 'இது வவுச்சர் இல்லை' என்றார்கள், எதிர்ப்பாளர்கள் 'வவுச்சருக்கு வாசல்' என்றார்கள். வாசகம் இருவரையும் மறுக்கவில்லை.

இடம் பற்றிய சிக்கலும் இருக்கிறது. ஓப்பன் என்ரோல்மென்ட் சட்டம், இடமோ ஆசிரியரோ இல்லையென்றால் மறுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. ஒரு பள்ளியில் 60 இடம், 200 விண்ணப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று குலுக்கல் நடக்கும், கிடைக்காதவர்கள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவார்கள். 'ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை' என்று அரசமைப்பில் எழுதிவிட்டால், அந்த 140 குடும்பங்களில் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். 'இடம் இருக்கும்வரை' என்று இரண்டே சொல் சேர்த்திருந்தால் போதும்.

இதைவிட ஆழமான பிரச்சினை, உரிமை யாருடையது என்பது. செயல்படும் வரி குழந்தைக்கு உரிமை என்கிறது. நோக்கத்தைச் சொல்லும் முன்னுரைதான் பெற்றோருக்கு உரிமை என்கிறது. இருவரும் வெவ்வேறு பள்ளியைச் சொன்னால்? விவாகரத்தான குடும்பங்களில் இது கற்பனைக் கேள்வி அல்ல. இதோடு 'தரமான கல்விக்கு வாய்ப்பு' என்ற சொற்றொடரும் முன்னுரையில் வந்தது. எது தரம் என்று யார் சொல்வது? கடைசியில் நீதிபதிதான். அதனால்தான் கொலராடோவின் கிறிஸ்தவ ஹோம் ஸ்கூலிங் அமைப்பே இந்தத் திருத்தத்தை எதிர்த்தது. வீட்டில் கற்பிக்கும் பெற்றோரின் தரத்தை நாளைக்கு அரசு அளக்க வரும் என்று அவர்கள் பயந்தார்கள். நம் பக்கத்தில் முதலில் நிற்க வேண்டியவர்களே விலகி நின்ற இடம் அது. அவர்கள் பயந்தது சரிதான் என்பது என் கருத்து.

கென்டக்கியின் கதை நேர்மாறு. அங்கே வாசகம் கூர்மையாக இருந்தது, அளவுக்கு மீறிய கூர்மை. பொதுப்பள்ளி அமைப்புக்கு வெளியே படிக்கும் மாணவர்களுக்கு மாநில அவை நிதி தரலாம், அரசமைப்பின் 59, 60, 171, 183, 184, 186, 189-ஆம் பிரிவுகள் என்ன சொன்னாலும் சரி என்று எழுதினார்கள். ஏழு பிரிவுகளை ஒரே வீச்சில் ஒதுக்கினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவ 2021-இல் கொண்டுவந்த வரிச்சலுகைத் திட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் 184-ஆம் பிரிவைக் காட்டி ஏகமனதாக ரத்துசெய்தது. சார்ட்டர் பள்ளி நிதிச் சட்டத்தையும் 2023-இல் ஒரு கீழ் நீதிமன்றம் ரத்துசெய்தது. இனி ஒரு ஓட்டையும் விடக் கூடாது என்று வரைந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

வாக்காளர் பார்த்தது வேறு. எவ்வளவு பணம், எந்த நிதியிலிருந்து, எந்த வருமானக் குடும்பத்துக்கு, உள்ளூர்ப் பள்ளிக்கு என்ன ஆகும் என்ற எந்தக் கேள்விக்கும் அதில் பதில் இல்லை. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துக் கேட்டால் யார் போடுவார்கள்? மலைப்பகுதிக் கவுண்டிகளில் தனியார் பள்ளி அரிது. அரசுப் பள்ளிதான் ஊரின் பெரிய வேலைவாய்ப்பு, வெள்ளிக்கிழமை இரவு விளையாட்டு, சத்துணவு எல்லாமே. அந்த ஊர்க்காரருக்கு இந்தத் திருத்தம் கொடுக்க வந்தது எதுவும் இல்லை, எடுக்க வந்தது தெரிந்தது.

ஜெயித்த உதாரணமும் இருக்கிறது, நம் ஆட்கள் அதை ஏனோ பேசுவதே இல்லை. ஜார்ஜியாவில் மாநில ஆணையம் ஒன்று சார்ட்டர் பள்ளிகளுக்கு நேரடியாக அனுமதி கொடுத்துவந்தது. அந்த ஆணையத்தை 2011 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று ரத்துசெய்தது. பள்ளி தொடங்கும் அதிகாரம் உள்ளூர் வாரியத்துக்கு மட்டுமே என்றது தீர்ப்பு. மாநிலச் சட்டமன்றம் தன் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு திரட்டி, அந்த ஒரு ஓட்டையை மட்டும் அடைக்கும் திருத்தத்தை வரைந்தது. 2012 நவம்பரில் சுமார் 58 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

அந்த வாசகத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு மாணவர் மாநில சார்ட்டர் பள்ளியில் சேர்ந்தார் என்பதற்காக, அவர் வசிக்கும் பகுதியின் பள்ளி நிர்வாகத்துக்குச் சட்டப்படி வர வேண்டிய மாநில நிதியில் எந்தப் பிடித்தமும் செய்யக் கூடாது. பிரச்சார மேடையில் சொன்ன வாக்குறுதி அல்ல, அரசமைப்பிலேயே எழுதிய காப்பு. எதிர்ப்பவரின் பயத்தை எடுத்து, அதற்கான பதிலை வாசகத்துக்குள்ளேயே வைத்தார்கள். கென்டக்கியிடம் இல்லாதது இந்த ஒரு வாக்கியம்தான்.

அப்படியானால் கொலராடோவில் அடுத்த முறை என்ன எழுத வேண்டும்? நான் எழுதினால் உரிமையைப் பெற்றோர் பெயரில் எழுதுவேன், குழந்தையின் பெயரில் அல்ல. சார்ட்டர், ஓப்பன் என்ரோல்மென்ட், ஹோம் ஸ்கூலிங் மூன்றையும் பெயர் சொல்லி, இவற்றை மாநில அவை ஒழிக்கக் கூடாது, இடமும் நியாயமான பாதுகாப்பு விதிகளும் பொருந்தும் என்பேன். 80-ஆம் திருத்தத்தின் முன்னுரையில் இருந்த 'தரம்', 'எதிர்காலப் புதுமைகள்' போன்ற சொற்களை எடுத்துவிடுவேன். தனியார் பள்ளி மீதோ வீட்டில் நடக்கும் கல்வி மீதோ மாநிலத்துக்குப் புதிய அதிகாரம் எதையும் இந்தப் பிரிவு தராது என்று தனி வாக்கியம் போடுவேன். ஹோம் ஸ்கூலிங் குடும்பங்களைத் திரும்ப அழைத்துவரும் வாக்கியம் அது. பணத்தை இதில் கலக்கவே மாட்டேன்.

பணத்துக்கு வேறு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. 55 சதவீத விதி 2016-இல் வந்தது. ஆனால் அரசமைப்பில் இருக்கும் ஒன்றை முழுதாகவோ பகுதியாகவோ நீக்க மட்டும் செய்யும் திருத்தத்துக்கு அது பொருந்தாது, பாதிக்கு மேல் ஒரு வாக்குப் போதும். 7-ஆம் பிரிவை நீக்குவதை மட்டும் தனியாகக் கொண்டுபோனால் உயரம் ஐந்து சதவீதம் குறைகிறது. 15-ஆம் பிரிவை அப்படித் தூக்கி எறிய முடியாது, எறியவும் கூடாது. உள்ளூர் வாரியம் வேண்டும். ஆகவே மாநிலம் தன் சொந்த நிதியில் மட்டும், உள்ளூர் வரிப்பணத்தைத் தொடாமல் திட்டம் போட வேண்டியிருக்கும். ஓவன்ஸ் தீர்ப்பைக் கவனமாகப் படித்தால் அந்த இடைவெளி தெரியும்.

வாசகத்தைத் திருத்த வேண்டிய நேரமும் முக்கியம். வரைவைக் கொடுத்ததும் அவை அலுவலர்கள் பொதுக் கூட்டம் நடத்தி ஓட்டைகளைக் கேள்விகளாகக் கேட்பார்கள். அங்கே வரும் கேள்விகள்தான் நாளைக்கு நீதிமன்றத்தில் வரப்போகிறவை. அதன் பிறகு மூன்று பேர் கொண்ட தலைப்பு வாரியம் 'ஒரே விஷயம்தானா' என்று பார்த்துத் தலைப்பை முடிவு செய்யும். அந்தக் கட்டம் தாண்டிவிட்டால் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. பிறகு கையெழுத்து: 2024-இல் தேவைப்பட்டது 1,24,238. அதுமட்டும் போதாது, 35 செனட் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் பதிவான வாக்காளர்களில் 2 சதவீதம் வேண்டும். தலைநகர் டென்வரில் எத்தனை லட்சம் வாங்கினாலும், ஒரே ஒரு கிராமத் தொகுதியில் குறைந்தால் எல்லாம் வீண். இவ்வளவு உழைப்பையும் ஒரு தளர்வான வாக்கியத்தின் மேல் கொட்டக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் அந்தப் பிள்ளைக்கென்று எழுதப்படும் ஐஇபி என்ற தனிக் கல்வித் திட்டம் மத்திய சட்டம் தரும் உரிமை. பெற்றோராக விரும்பித் தனியார் பள்ளிக்கு மாற்றினால், அந்தத் தனி உரிமை கூடவே வராது. பொதுவாக ஒதுக்கும் பங்கிலிருந்து சில சேவைகள் கிடைக்கலாம், அவ்வளவுதான். மாநில அரசமைப்பில் என்ன எழுதினாலும் இது மாறாது. வவுச்சர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை எல்லாவற்றையும் யார் தருவார்கள் என்று புதிய பள்ளியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் பேருந்து. டென்வரில் ஒரே விண்ணப்பத்தில் 12 பள்ளிகள் வரை வரிசைப்படுத்தலாம், சார்ட்டரும் அதில் அடக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் வேறு வட்டாரத்திலிருந்து தேர்ந்தெடுத்து வரும் பிள்ளைக்குப் பேருந்து விட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும், ஒரே கார் உள்ள வீட்டில், பட்டியலில் முதலாவதாக எழுதிய பள்ளி 11 மைல் தள்ளி இருந்தால் அந்தப் பிள்ளை அங்கே படிக்கப்போவதில்லை. இதற்கு அரசமைப்புத் திருத்தமே வேண்டாம். தேர்ந்தெடுத்த பள்ளிக்குப் போகும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பயணச் செலவு தரும் ஒரு சட்டத்தை அடுத்த கூட்டத்தொடரிலேயே, சாதாரணப் பெரும்பான்மையில் கேட்கலாம்.