கண்டுபிடித்துவிட்டோம், சரி. அப்புறம்?

"இந்தப் பகுதியில் அழிந்துவிட்டதாக நினைத்த விலங்கு மீண்டும் தென்பட்டது" என்று ஒரு செய்தி வந்தால் அன்றைக்கு எனக்கு வேறு வேலையே ஓடாது. மங்கலான இரவுப் படம், பாதி உடல், மின்னும் இரண்டு கண்கள். அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சந்தோஷத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் படத்தோடு பேச்சும் முடிந்துபோகிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது தனியாக இருக்கிறதா, ஜோடி உண்டா, குட்டி உண்டா என்று இரண்டு நாள் கழித்து யாரும் கேட்பதில்லை.

மத்திய ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் படேக்கே பீடபூமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-க்குப் பிறகு அங்கே சிங்கம் இருந்ததற்கான தடயமே கிடைக்கவில்லை. இனி இல்லை என்றுதான் முடிவு செய்திருந்தார்கள். 2015-இல், சிம்பன்சிகளைப் பதிவு செய்ய வைத்திருந்த தானியங்கி கேமராவில் ஒரு ஆண் சிங்கம் நடந்து போனது. எங்கிருந்தோ வழி தவறி வந்ததா, அந்த மண்ணின் பழைய சிங்கங்களில் மிச்சமா என்ற கேள்வி உடனே எழுந்தது. அதன் டிஎன்ஏவை அருங்காட்சியகங்களில் இருந்த பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தப் பகுதியின் பழைய வம்சத்தோடு அது ஒத்துப்போனது. அருமையான செய்திதான். ஆனாலும் அது ஒற்றை ஆண். துணை கிடைக்காவிட்டால் அந்த வம்சம் அதோடு சரி. உயிரோடு ஒன்று இருப்பதும் இனம் பிழைத்திருப்பதும் ஒன்றல்ல.

ஜப்பானின் சுஷிமா தீவிலும் இதே கேள்விதான் வந்தது. நாட்டில் நீர்நாயைக் கடைசியாக உறுதியாகப் பார்த்தது 1979-இல். 2012-இல் அரசே அழிந்துவிட்டதாக அறிவித்தது. 2017-இல் காட்டுப்பூனைக்காக வைத்த கேமராவில் ஒரு நீர்நாய்! எச்சத்தில் கிடைத்த டிஎன்ஏவோ கொரியப் பக்கத்து நீர்நாய்களோடு நெருங்கிய உறவைக் காட்டியது. கடல் தாண்டி வந்த புதுக் குடியேறி என்றால் அதற்கான திட்டம் ஒன்று, பழைய வம்சத்தின் மிச்சம் என்றால் வேறொன்று. தலைப்புச் செய்தியில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய கதை அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட்டுடையது. நம் ஊர்க் கீரியளவே இருக்கும் சின்ன வேட்டை விலங்கு. ப்ரெய்ரி நாய் எனப்படும் வளைவாழ் கொறிணிகளைத் தின்று, அவற்றின் வளைகளிலேயே வாழும். விவசாயிகள் அந்தக் கொறிணிகளை விஷம் வைத்துக் கொன்றார்கள், வெளியிலிருந்து வந்த பிளேக் நோயும் அவற்றைத் தாக்கியது, ஃபெரெட்டும் கூடவே சரிந்தது. பிடித்து வளர்த்தவற்றில் கடைசியானது 1979-இல் செத்தபோது, கதை முடிந்தது என்றே எண்ணினார்கள். 1981 செப்டம்பரில் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்ஸி ஊருக்கு அருகே ஒரு பண்ணை நாய், தான் கொன்ற விலங்கொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது. என்னவென்று புரியாமல், விலங்குகளைப் பாடம் செய்பவரிடம் எடுத்துப் போனார்கள். அவர்தான் அது என்னவென்று அடையாளம் கண்டார்.

தேடிப் போனால் அங்கே ஒரு கூட்டமே இருந்தது. 1984-இல் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியிருந்தது. நூறு இருக்கிறதே, இனிக் கவலை இல்லை என்று தோன்றும், இல்லையா? சிலவற்றைப் பிடித்துத் தனியே இனப்பெருக்கம் செய்யலாமா, வேண்டாமா, யார் பொறுப்பு என்று விவாதம் நீண்டது. 1985-இல் ப்ரெய்ரி நாய்களிடையே பிளேக் பரவியது. ஃபெரெட்டுகளிடையே நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் புகுந்தது. அவசர அவசரமாகப் பிடித்த முதல் ஆறும் அதே நோயில் செத்தன. அதற்குப் பிறகு, 1987 தொடக்கத்துக்குள் பிடிக்க முடிந்தது 18 மட்டும். இன்றைக்குக் காட்டில் விடப்பட்டிருக்கும் ஃபெரெட்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே அந்தப் பதினெட்டில் ஏழின் வாரிசுகள். மரபணு வளம் அவ்வளவு குறுகிப்போனதால்தான், 1988-இல் உறையவைத்த செல்லிலிருந்து 2020-இல் ஒன்றைக் குளோன் செய்யும் நிலை வந்தது.

கண்டுபிடித்து நாலே வருஷத்தில் மறுபடி விளிம்புக்கு. அதனால்தான், கிடைத்த நாளைவிட அதற்கடுத்த சில ஆண்டுகள்தான் முக்கியம் என்று சொல்கிறேன். தேடலுக்குக் கிடைக்கும் நிதியைவிடக் கண்காணிப்புக்குக் கிடைக்கும் நிதி பெரிதாக இருக்க வேண்டும். நோய், கண்ணி, சாலை, அணை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே திட்டம் வேண்டும். அது பெரிய விழாவாக இருக்காது, படமும் அழகாக வராது. இருந்தாலும் விலங்கைக் காப்பாற்றுவது அதுதான்.

இன்னொன்று, அந்த இடத்து மக்கள். ஜெர்டான் கோர்சர் என்ற தரைப்பறவையை 1900-க்குப் பிறகு ஆய்வாளர் யாரும் பார்க்கவில்லை. 1986 ஜனவரியில் ஆந்திராவின் கடப்பாப் பகுதிப் புதர்க்காட்டில் அது கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் படத்தைக் காட்டி ஊர் ஊராக விசாரித்தார்கள், கடைசியில் பறவை பிடிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். அங்குள்ளவர்கள் அதற்குக் கலிவி கோடி என்று பேரே வைத்திருந்தார்கள். அதாவது அது யாருக்குத் தொலைந்திருந்தது? நமக்குத்தான். இரவில் நடமாடும் பறவை என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கென லங்கமல்லேஸ்வரா சரணாலயம் வந்தது. வாழிடத்தின் ஊடே தெலுங்கு கங்கைக் கால்வாய் போகவிருந்தபோது எதிர்ப்பு எழுந்து பாதையும் மாறியது. ஆய்வாளர்கள் புதர்களுக்கு நடுவே மண் பரப்பி வைத்து, மறுநாள் காலடித் தடம் பார்த்து, எங்கெல்லாம் நடமாடுகிறது என்று பொறுமையாகக் குறித்தார்கள். இவ்வளவும் செய்த பிறகும், உறுதியான பதிவே இல்லாமல் பல ஆண்டுகள் கழிந்தன. தேடுவதை ஒருமுறையோடு நிறுத்த முடியாது என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

நம்மைப் போல வெளியிலிருந்து பார்ப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு படம் உங்களுக்கு வந்தால் "எங்கே எடுத்தது?" என்று கமெண்டில் கேட்காதீர்கள். தெரிந்தாலும் எழுதாதீர்கள். சீனாவில் 1999-இல் அறிவியலுக்குப் புதிதாக அறிமுகமான ஒரு குகைப் பல்லி, சில ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் இல்லாமல் போனது. ஆய்வுக் கட்டுரையில் இருந்த இடக்குறிப்பே அதை விற்பதற்காகப் பிடிப்பவர்களுக்கு வழிகாட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு இத்தகைய விலங்குகளின் இருப்பிடத்தைக் கட்டுரையில் வெளியிடுவதையே பல ஆய்வாளர்கள் தவிர்க்கிறார்கள். கட்டுரை போய்ச் சேர்ந்த கைகளே இந்த வேலையைச் செய்தன என்றால், நம் பதிவுகள் எத்தனை கைகளுக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களிடமே அப்படி ஒரு படம் இருந்தால், முதலில் வனத்துறையிடமோ அந்த இனத்தை ஆராய்பவரிடமோ கொடுங்கள். இட விவரத்தை நீக்கிவிட்டுப் பதிவு போடுவது ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.