விற்கக் கூடாதென்றால் அது ஓப்பன் சோர்ஸா?

போன மாதம் மாமனாருடைய டிஸ்சார்ஜ் சம்மரியை பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. ஒரே பக்கம், முழுக்கக் கறுப்பு எழுத்து. எங்கள் வீட்டு பிரிண்டர் கலர் மை தீர்ந்துவிட்டது என்று அடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது. கறுப்பு எழுத்துக்கு மஞ்சள் எதற்கு என்று அதனிடம் யார் கேட்பது? காட்ரிட்ஜைக் கழற்றிக்கொண்டு ரீஃபில் கடைக்குப் போனேன். அண்ணன் மேல் ஸ்டிக்கரை உரித்து, மூன்று ஓட்டையிலும் சிரிஞ்சால் மை ஏற்றி, அடிப்பக்கத்தை டிஷ்யூவில் ஒற்றினார். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று கோடு பளிச்சென்று விழுந்தது. "மை ஊத்துறது ரெண்டு நிமிஷம் சார். உள்ள மை இருக்குன்னு உங்க பிரிண்டரை நம்ப வைக்கிறதுதான் வேலையே" என்றார்.

இந்தக் கடுப்போடு இருந்தவன் கண்ணில் 'ஓப்பன் பிரிண்டர்' பட்டால் விடுவானா? பிரான்ஸைச் சேர்ந்த ஓப்பன் டூல்ஸ் என்ற சின்னக் குழு 2025இல் கிரவுட் சப்ளை என்ற கூட்டு நிதி திரட்டும் தளத்தில் அறிவித்த இங்க்ஜெட் அது. ஓப்பன் சோர்ஸ், அதாவது உள்வடிவம் எல்லோருக்கும் திறந்திருக்கும் பிரிண்டர் என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். மூளையாக ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினி, தனித்தாளோடு ரோல் பேப்பரும் போடலாம், வெட்டிக்கொடுக்க உள்ளேயே கத்தி. ரீஃபில் செய்த மையைப் பார்த்து முரண்டு பிடிக்காது. காட்ரிட்ஜ் மட்டும் எச்பி 63 அல்லது 302. மை துப்பும் ஹெட் அந்த காட்ரிட்ஜிலேயே இருப்பதால், பிரிண்டரின் மிகக் கஷ்டமான பாகம் இன்னும் பெரிய கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நுண்துளை ஹெட்டை யாரும் வீட்டில் செய்துவிட முடியாது.

எனக்கு இடித்தது லைசென்ஸ். படைப்பைப் பிறர் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமங்களில் ஒன்றான பிஒய்-என்சி-எஸ்ஏ 4.0. பெயரைக் குறிப்பிடு, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிடு, இரண்டும் நியாயம். நடுவில் நிற்கும் 'என்சி'தான் வில்லங்கம்: வணிகத்துக்குப் பயன்படுத்தாதே.

இதை ஓப்பன் சோர்ஸ் என்று அழைக்க முடியாது என்பதே என் கட்சி. ஓப்பன் சோர்ஸ் வரையறையின் 6ஆவது விதி, எந்தத் துறையில் பயன்படுத்துகிறாய் என்று பாகுபாடு பார்க்கக் கூடாது என்கிறது. தொழில் நடத்துவதும் அதில் அடக்கம். திறந்த வன்பொருளுக்கான வரையறை இன்னும் வெளிப்படை. படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம், செய்யலாம், விற்கலாம். 'விற்கலாம்' என்ற சொல்லே அதில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் 'திறந்து வை' இயக்கத்துக்கே பிள்ளையார் சுழி போட்டது ஒரு பிரிண்டர்தான். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்தில் இருந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் அடிக்கடி பேப்பர் சிக்கும். சிக்கினால் தகவல் வரும்படி செய்ய அங்கே வேலை பார்த்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் நிரலைக் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, நிரல் வைத்திருந்தவர் மறுத்துவிட்டார். அந்தக் கோபம் கட்டற்ற மென்பொருள் இயக்கமாக வளர்ந்தது. ஓப்பன் சோர்ஸ் அதிலிருந்து கிளைத்ததுதான். அதே ஸ்டால்மன் 1985இல் தன் ஈமேக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பி நிரலை டேப்பில் ஏற்றி 150 டாலருக்கு விற்றார். வாங்கியவரும் அதை நகலெடுத்து விற்கலாம். காசு வாங்குவது அவருக்கு ஒரு நாளும் பாவமாக இருந்ததில்லை.

"கஷ்டப்பட்டு வடிவமைத்தவன் வயிற்றில் அடித்து, மலிவாகக் காப்பியடித்து விற்றுவிடுவார்களே" என்பீர்கள். அந்தப் பயம் நிஜம்தான். திறந்த வடிவங்களில் 3டி பிரிண்டர் செய்து பேர் வாங்கிய யோசெஃப் புரூசாவே நொந்து எழுதியிருக்கிறார். அவர் நிறுவனம் இப்போது எல்லாவற்றையும் பழையபடி திறந்து வைப்பதுமில்லை. ஆனால் அவர் எங்கிருந்து வந்தார்? பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் என்ற திறந்த 3டி பிரிண்டர் திட்டத்திலிருந்து. அன்று அந்த வடிவங்களுக்கு 'விற்காதே' என்று பூட்டுப் போட்டிருந்தால் புரூசாவின் கம்பெனியே கிடையாது.

தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்று சொல்லிக்கொள்கிறது. அதன் உரிமத்தில் என்சி இல்லை. கட்டுரைகளைப் புத்தகமாகப் போட்டு நாளைக்கே நீங்கள் விற்கலாம். அதனால்தான் அந்த அடைமொழி அதற்குப் பொருந்துகிறது. ஓப்பன் டூல்ஸ்காரர்கள் தங்கள் வடிவத்தை எந்த நிபந்தனையில் வேண்டுமானாலும் தரட்டும், அது அவர்கள் உழைப்பு, அவர்கள் உரிமை. கையில் கிடைத்தால் முதல் ஆளாக நானே வாங்குவேன். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரை மட்டும் கடன் வாங்காதீர்கள் என்கிறேன். 'வரைபடம் பார்க்கக் கிடைக்கும் பிரிண்டர்' என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

அடுத்த முறை போனபோது ரீஃபில் அண்ணனிடம் இதையெல்லாம் ஆர்வமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த போர்டு போச்சுன்னா, வரைபடத்தை வச்சு நாமளே ஒண்ணு செஞ்சு கஸ்டமருக்குக் கொடுக்கலாமா சார்?" என்றார்.

"கொடுக்கலாம்ணே. காசு வாங்கக் கூடாது."

சிரித்தார். சிரிஞ்சைத் துடைத்துவிட்டு அடுத்த காட்ரிட்ஜை எடுத்தார்.