பேட்டரி டெர்மினலில் கோலா ஊற்றலாமா?

"பிக்கப் வண்டியின் பேட்டரி டெர்மினலில் பச்சைப் பூப்பு (அரிப்புப் படிவு) பூத்தால் கோலா ஊற்றுங்கள், எதையும் கழற்ற வேண்டாம்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. பாதிதான் சரி. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பதால் பூப்பு கொஞ்சம் கரையும். ஆனால் பேட்டரியிலிருந்து கசிந்ததும் அமிலம்தான். அமிலத்தை அமிலம் முறிக்காது. மிஞ்சும் சர்க்கரை வேறு பிசுபிசுவென ஒட்டி, தூசியைப் பிடித்து வைக்கும்.

முறிப்பது சமையல் சோடா. தண்ணீரில் கரைத்துத் தடவினால் நுரைத்துப் பொங்கும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். பேட்டரியின் மேலுள்ள செல் மூடிக்குள் மட்டும் இறங்கிவிடக் கூடாது. கிளாம்புக்கும் (கேபிள் நுனியில் உள்ள பிடி) போஸ்டுக்கும் (அது மாட்டும் பேட்டரி முனை) நடுவே படிந்ததைக் கழற்றாமல் தேய்க்க முடியாது.

என்ஜினை அணைத்து, முதலில் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. மாற்றிச் செய்தால், பாசிட்டிவ்வில் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டதும் தீப்பொறிதான். கையுறை, கண்ணாடி அவசியம். கிளாம்பே அரித்துப்போயிருந்தால் புதிது மாற்றுங்கள்.

சந்தேகம் இருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் பேட்டரிப் பகுதியைப் புரட்டுங்கள். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.