ஆறு வாரச் சான்றிதழ் மருத்துவ உளவியலாளர் ஆக்காது: உண்மை விளக்கம்

ஆறு வார இணையவழிச் சான்றிதழ் பெற்றாலே மருத்துவ உளவியலாளராகிக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை தரலாம் என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மறுவாழ்வுத் துறைப் படிப்புகளை முறைப்படுத்தும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் தகுதி உடையவரோ, உளவியலில் முதுகலை முடித்து, மேற்பார்வையுடன் கூடிய சிகிச்சைப் பயிற்சி அடங்கிய, கவுன்சில் அங்கீகரித்த 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில். படித்தவரோதான் அப்பெயருக்கு உரியவர்.

இது வெறும் பட்டப் பிரச்சினை அன்று. பல ஆண்டுகள் அளவின்றிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கைநடுக்கத்திலும் வியர்வையிலும் தொடங்கி சில நாள்களுக்குள் வலிப்பும் கடும் மனக்குழப்பமும் வரக்கூடும். சில வேளைகளில் உயிரே போகும். அந்த அறிகுறிகளைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, உடனே மருத்துவரிடம் அனுப்பும் தெளிவு, நோயாளிகளோடு மேற்பார்வையில் பணியாற்றித்தான் வருகிறது. குறுகிய படிப்புகள் தன்னார்வலர்களுக்கு நிச்சயம் உதவும். சிகிச்சை அளிக்கும் தகுதியை அவை தருவதில்லை.