ரோசா பார்க்ஸ் எழ மறுத்த அன்றே சட்டம் மாறிவிட்டதா?

"களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண் பேருந்தில் இடம்விட மறுத்தார், அந்த ஒரு நிமிடத்தில் அமெரிக்க நிறவெறிச் சட்டம் வீழ்ந்தது" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்து 1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலம் மாண்ட்கமரியில் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், 1943 முதலே கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யில் உழைத்தவர். ஒன்பது மாதம் முன்பே, 15 வயது கிளாடெட் கொல்வின் இதேபோல் கைதாகியிருந்தார். கறுப்பின மக்கள் நகரப் பேருந்துகளைப் புறக்கணிக்கலாம் என்று பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன் 1954 மே மாதமே மேயருக்கு எழுதிவிட்டார். ரோசா கைதான இரவில், கல்லூரி சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் புறக்கணிக்க அழைக்கும் துண்டறிக்கையைத் தாளுக்கு மூன்று வீதம் அடித்து, வெட்டி, விடிந்ததும் பல்லாயிரக்கணக்கில் ஊரெங்கும் சேர்த்தவரும் அவரே. இந்த உழைப்பை மறைப்பது பெரிய அநீதி.

புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆளேற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகராட்சி மிரட்டியது. உடனே சொந்தக் கார்கள் இறங்கின. ஏறுமிடம், நேரம் எல்லாம் வகுத்து, சுமார் 300 கார்கள் ஓடின. இந்தக் கார்களின் காப்பீட்டை நிறுவனங்கள் ரத்து செய்தபோது, லண்டனின் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸ் மூலம் புதிதாக எடுத்தார்கள்.

சட்டத்தை வீழ்த்தியது ரோசாவின் வழக்கும் அல்ல. கொல்வின் உள்ளிட்ட நான்கு பெண்கள் தொடுத்த 'பிரவுடர் எதிர் கேல்' வழக்கில்தான் பேருந்தில் நிறப் பாகுபாடு செல்லாது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதுவும் பேருந்துக்கு மட்டுமே. உணவகங்கள், விடுதிகளில் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1964இல்தான் வந்தது.